நாகமலை அடிவாரத்தில் ஒரு டிராகன் படம்: விளையாட்டு தெரியாதவர்களுக்கான வழிகாட்டி

மதுரைக்காரர்களுக்கு மாயக் கதை புதிதல்ல. கல் யானை கரும்பு தின்றது இந்த ஊரில்தான். நரிகள் பரிகளாகி, ராத்திரியில் மறுபடி நரிகளாகி ஊளையிட்டதும் இங்கேதான். ஊரை அழிக்க வந்த மாயப் பாம்பு பாண்டியனிடம் தோற்று மலையாகிப் படுத்துவிட்டது என்பார்களே, அந்த நாகமலையின் அடிவாரத்தில், நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் நின்றால் பாம்பின் முதுகு முழுவதும் தெரியும்.

அப்படியிருந்தும், "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆனர் அமங் தீவ்ஸ்" படத்தைப் போடட்டுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது வீட்டில் எல்லாரும் தயங்கினார்கள்.

"அது ஏதோ விளையாட்டை வச்சு எடுத்த படமாமே மாப்ள. விளையாட்டு தெரிஞ்சாத்தானே புரியும்?" என்றார் மாமா.

மாமாவுக்கு வந்த அதே சந்தேகத்தில் பலர் இந்தப் படத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2023 மார்ச் மாத இறுதியில் வெளியான படம் இது. ஜொனாதன் கோல்ட்ஸ்டீன், ஜான் பிரான்சிஸ் டேலி இருவரும் சேர்ந்து இயக்கியது. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலும் பார்க்கலாம், கதை புரியும். ஆனால் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் படம் இரண்டு மடங்கு இனிக்கும். திரையில் ஓடுகிற ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு மேஜை இருக்கிறது, அதைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த மேஜையைக் காட்ட நான் என்னென்ன செய்தேனோ அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போவதில்லை.

முதலில், விளையாட்டு எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

படத்துக்குப் பெயர் தந்த இந்த "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" விளையாட்டு 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். அதற்கு முன்பு பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் அணிவகுத்துப் போர் விளையாடும் பழக்கம் அங்கே இருந்தது. ஒருவர் ஒரு முழுப் படையை நடத்துவார். இவர்கள் அதை மாற்றி, ஒருவருக்கு ஒரே ஒரு ஆள் என்று வைத்தார்கள். அந்த ஆளுக்கு ஒரு பெயர், ஒரு தொழில், பழைய கதை, பலம், பலவீனம். போர் விளையாட்டு அங்கேதான் கதையாக மாறியது.

நாலைந்து பேர் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் டஞ்சன் மாஸ்டர். அவர்தான் கதை சொல்லி, நடுவர், வில்லன், வழியில் எதிர்ப்படும் கடைக்காரர் எல்லாம். "இருட்டுக் குகை. உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம். என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். சுலபமான காரியத்துக்கு 10 வேண்டும், நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20. எட்டாவிட்டால் காரியம் கெட்டது. அங்கிருந்து கதை வேறு பக்கம் போகும்.

இதை அப்பத்தாவுக்கு விளக்கப் போனால், அவர் என்னை முந்திக்கொண்டார். "அப்ப ஸ்பெஷல் நாடகம் மாதிரின்னு சொல்லு" என்றார்.

அதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். நடுவில் வரும் பேச்சு அந்தந்த நேரத்தில் பிறப்பது. வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும்போது ஒருவர் எதிர்பாராத கேள்வியைப் போட்டால் மற்றவர் நின்ற இடத்தில் பதில் கண்டுபிடித்தாக வேண்டும். கூட்டம் அந்த நிமிடத்துக்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறது. மேஜை விளையாட்டிலும் சுவை அங்கேதான். ஒரு வித்தியாசம், வள்ளிக்குக் கல்யாணம் நடந்தே தீரும். மேஜையில் முடிவு யாருக்கும் தெரியாது, டஞ்சன் மாஸ்டருக்குக்கூட.

படம் போடுவதற்கு முன் ஒரு சின்ன ஆட்டம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இருபது நிமிடம் போதும்.

இருபது முகப் பகடை இணையக் கடைகளில் கிடைக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தாலும் அதை இதற்கு எடுக்காதீர்கள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டும்போது 16 வாய்ப்புகளில் 4-இல் மூன்று விழும், பன்னிரண்டு ஒன்றே ஒன்றில்தான் விழும். இருபது முகப் பகடையில் எல்லா எண்ணும் சமம். பெருவெற்றியான 20-க்கும் படுதோல்வியான 1-க்கும் ஒரே வாய்ப்பு, இருபதில் ஒன்று. இந்த விளையாட்டின் படபடப்பு முழுக்க அந்தச் சமத்துவத்தில் இருக்கிறது.

அப்புறம், எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது அழகர்கோயில் மலைப்பாதை.

"பழமுதிர்சோலையிலிருந்து நூபுர கங்கைக்கு ஏறிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஒரு குரங்கு மாமாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பையில் கார் சாவி. என்ன செய்கிறீர்கள்?"

"வாழைப்பழத்தக் காட்டிக் கீழ கூப்பிடுவேன்" என்றார் மாமா. சுலபமான காரியம், பத்து வந்தால் போதும் என்றேன். சொம்பில் கைவிட்டு எடுத்தார். மூன்று.

"குரங்கு இறங்கி வந்து பழத்தையும் பிடுங்கிக்கொண்டது. பழ வாசனைக்கு இன்னும் ஆறு குரங்குகள் வந்துவிட்டன."

தங்கை மகள், பத்து வயது, துள்ளி எழுந்தாள். தன் பாத்திரத்துக்கு மரம் ஏறத் தெரியும் என்றாள். சரி, திறமைக்காக மூன்று கூட்டிக்கொள் என்றேன். பன்னிரண்டு எடுத்தாள். கூட்டினால் பதினைந்து, நடுத்தரக் காரியத்துக்குச் சரியாகப் போதும். பையின் வார் அவள் கையில் சிக்கிவிட்டது, மறுமுனை குரங்கின் கையில். அப்போது அப்பத்தா, "நான் அந்தத் தாய்க்குரங்குகிட்டப் பேசிப் பாக்குறேன்" என்றார். இது நடக்கக்கூடிய காரியமா என்று தங்கை கேட்டாள். கடினம்தான், இருபதே வேண்டும் என்றேன்.

அப்பத்தா எடுத்த சீட்டில் 20 என்று இருந்தது. வீட்டில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இந்த மூன்று சீட்டுகளில் முழு விளையாட்டும் இருக்கிறது. மாமாவின் தோல்விதான் கதையைச் சுவையாக்கியது. முதல் சீட்டிலேயே பை கிடைத்திருந்தால் அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. இந்தப் படத்தை எழுதியவர்களுக்கு அது மிக நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆட்களை அடையாளம் பிடியுங்கள்

பாத்திரங்களின் வாழ்க்கைக் கதை படத்திலேயே வருகிறது. ஒவ்வொருவரின் தொழில் என்ன என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டில் இந்தத் தொழிலுக்கு வகுப்பு என்று பெயர், ஒருவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கிறிஸ் பைன் நடிக்கும் எட்ஜின், ஒரு பாணர். மதுரையில் பாணபத்திரரை யாருக்குத் தெரியாது? அவருக்காகச் சொக்கநாதரே விறகு சுமந்து வந்து பாடி, ஏமநாதனை ஊரை விட்டு ஓட வைத்தார். எட்ஜின் கையிலும் ஒரு நரம்புக் கருவி இருக்கும். விளையாட்டில் பாணரின் சிறப்பே கூட இருப்பவர்களுக்குத் தெம்பு கொடுப்பது. அவர் ஊக்கப்படுத்தினால் மற்றவர் உருட்டும்போது கூடுதலாக ஒரு பகடை சேரும். படத்தில் எட்ஜின் மந்திரம் எதுவும் போடுவதில்லை. பெரிய சண்டைக்காரரும் இல்லை. இவர் எதற்கு இந்தக் கூட்டத்தில் என்று உங்களுக்குத் தோன்றும். அவர் யாரிடம் எப்போது என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள், அந்தக் கூடுதல் பகடை கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

மிஷெல் ரோட்ரிகஸின் ஹோல்கா, பார்பேரியன் வகுப்பு. கோபம் வந்தால் பலம் பெருகும் ஆள். கோடரி, உருளைக்கிழங்கு, அதிகம் பேசாத பாசம். அப்பத்தாவுக்குப் படம் முடியும் வரை இவர் ஒருவர்தான் முக்கியம்.

ஜஸ்டிஸ் ஸ்மித்தின் சைமன் மந்திரக்காரர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த உலகில் மந்திரத்தைப் புத்தகம் வைத்துப் படித்துத் தேர்ந்தவர்கள் ஒரு வகை. ரத்தத்திலேயே மந்திரம் ஓடுகிறவர்கள் இன்னொரு வகை. சைமன் இரண்டாவது வகை. பெரிய குடும்பத்துப் பிள்ளை, ஆனால் தன்மேல் நம்பிக்கையே இல்லாதவர். பெயர் பெற்ற ஆசிரியர் வீட்டுப் பையன் கணக்குப் பரீட்சைக்குப் பயப்படுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோபியா லில்லிஸின் டோரிக், ட்ரூயிட். காட்டின் காவலர், விலங்காக உருமாறத் தெரிந்தவர். தலையில் கொம்பும் பின்னால் வாலும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அவர் பிறந்த இனம், டீஃப்ளிங் என்பார்கள். ஒரு கோட்டையிலிருந்து தப்பிக்கும்போது ஈ, எலி, பறவை, பூனை, மான் என்று வெட்டே இல்லாதது போல ஓடும் ஒரே காட்சியில் உருமாறிக்கொண்டே போவார். நரியைப் பரியாக்கிய ஊரில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பதே தனிச் சுகம். விளையாட்டுக்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நிறைய வாதாடினார்கள். 2014-இல் வந்த விதிப் புத்தகத்தின்படி ட்ரூயிட் இரண்டு முறை உருமாறினால் பிறகு ஓய்வெடுத்தாக வேண்டும். விலங்காக மாறலாம், ஆந்தைக்கரடி போன்ற விநோதப் பிராணியாக மாற அனுமதி இல்லை. படம் இரண்டையும் மீறுகிறது. நல்ல டஞ்சன் மாஸ்டர் எவரும் இந்த மீறலுக்குத் தலையாட்டிவிடுவார். காட்சி அவ்வளவு அழகு.

ரெஜே-ஜீன் பேஜ் நடிக்கும் ஸெங்க், பாலடின். சத்தியம் செய்து அதன்படியே நிற்கும் வீரர். எதையும் நேர்ப்பொருளில் மட்டுமே எடுத்துக்கொள்வார். எல்லாம் தெரிந்தவர், எல்லாரையும்விடத் திறமைசாலி, கொஞ்ச நேரம் கூட வந்து வழிகாட்டுவார். விளையாடிப் பழகியவர்கள் இவரைப் பார்த்ததும் புன்னகைப்பார்கள். கதை நகராமல் நிற்கும்போது டஞ்சன் மாஸ்டர் தானே ஒரு துணைப் பாத்திரத்தை உள்ளே அனுப்பி வழிகாட்டுவது உண்டு. ஸெங்க் அப்படி வந்தவர் என்பது என் கணிப்பு.

எதிர்ப்பக்கத்தில் ஹியூ கிராண்டின் ஃபோர்ஜ், தேன் ஒழுகப் பேசும் எத்தன். அவரோடு டெய்சி ஹெட் நடிக்கும் சோஃபினா என்ற செவ்வாடை மந்திரவாதி. இவ்வளவு போதும்.

ஊர்ப் பெயர்களுக்காகக் கவலைப்படாதீர்கள்

முதல் கால் மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பெயர்கள் வந்து விழும். இந்த உலகத்தின் பெயர் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். கனடாக்காரர் எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கற்பனை செய்யத் தொடங்கியது, விளையாட்டுக்காக 1987-இல் வெளியானது. அதன் பிறகு எத்தனையோ பேர் சேர்ந்து வளர்த்த உலகம் என்பதால் பெயர்களுக்குக் கணக்கே இல்லை. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டுதான்: நெவர்விண்டர் என்பது கதை நடக்கும் பெரிய துறைமுக நகரம்; தே என்பது செவ்வாடை மந்திரவாதிகளின் நாடு, கெட்ட இடம். மற்றதெல்லாம் பஸ் ஜன்னலில் கடந்து போகும் ஊர்ப் பலகைகள் போல, படிக்காவிட்டாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம்.

பிராணிகளை நின்று ரசியுங்கள்

மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் யாளித் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. இரண்டு பிராணிகளை ஒன்றாக்கி மூன்றாவதைப் படைப்பது நமக்குப் பழகிய கலை. படத்தில் வரும் ஆந்தைக்கரடி அந்த வகைதான். கரடி உடம்பு, ஆந்தை முகம். அது பிறந்த கதை எனக்கு மிகவும் பிரியமானது. கைகாக்ஸ் தன் ஆட்டத்துக்குப் பொம்மைகள் தேடியபோது, ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்த பிராணிகள் இன்னவை என்றே சொல்ல முடியாத உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் குணமும் கொடுத்து ஆட்டத்தில் சேர்த்தார். அவற்றில் ஒன்று ஆந்தைக்கரடி. சித்திரைத் திருவிழாக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய பொம்மையை வைத்துக்கொண்டு கதை கட்டாத குழந்தை உண்டா? அது ஐம்பது வருடம் கழித்துப் பெரிய திரையில் உறுமுகிறது.

கண்ணாடி போலத் தெரியும் ஒரு பெரிய கூழ்க் கனசதுரமும் வரும். ஏன் கனசதுரம் என்று தங்கை மகள் கேட்டாள். அந்தக் காலத்தில் குகை வரைபடங்களைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள், ஒரு கட்டம் 10 அடி. நடைபாதை அளவுக்குச் சரியாகப் பொருந்தி, வழியில் இருப்பதையெல்லாம் விழுங்கித் துடைத்துக்கொண்டு போகும் பிராணி வேண்டும் என்பதற்காக 10 அடிக் கனசதுரமாகப் பிறந்தது அது. காகிதத்தின் கட்டமே உயிர் பெற்று நடக்கிறது.

பெட்டி போலக் கிடந்து, தொட்டவரைக் கடிக்கும் பிராணி ஒன்று உண்டு. இருக்கும் இடத்தில் தெரியாமல், இல்லாத இடத்தில் தெரியும் கரும்பூனை ஒன்று. டிராகனைப் பற்றிச் சொல்ல மாட்டேன், அதன் உடல்வாகைப் பார்த்ததும் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் வரும் பறவை மனிதரை உற்றுப் பாருங்கள். அது முழுக்கக் கணினியில் வரைந்த உருவம் அல்ல. இறகு உடுப்புக்குள் ஆள் நிற்கிறார், தலையில் இயந்திர அசைவு. கையால் செய்த பொருளுக்கு உள்ள கனம் அதில் தெரிகிறது.

படம் ஓடும்போது மூன்று இடங்கள்

முதலாவது, சிறை விசாரணைக் காட்சி. எட்ஜின் தன் பழைய கதையை நீட்டி முழக்கிச் சொல்வார். விளையாட்டின் முதல் நாள் ஒவ்வொருவரும் தங்கள் பாத்திரத்தின் முன்கதையை எழுதிக்கொண்டு வருவார்கள். தாய் இறந்தாள், ஊர் எரிந்தது, சபதம் எடுத்தேன் என்று பக்கம் பக்கமாக. ஆசையோடு அதைப் படித்துக் காட்டும் நண்பரை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். அந்தக் கதைக்குள் இருக்கும் துக்கம் உண்மையானது, பின்னால் படம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது.

இரண்டாவது, இடுகாடு. இறந்தவரை எழுப்பிக் கேள்வி கேட்கும் மந்திரம் ஒன்று விளையாட்டில் உண்டு. ஐந்து கேள்விதான், அதற்கு மேல் பிணம் பேசாது. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் பிணத்துக்குள் இருந்து கேள்வி கேட்கும், ராஜா பதில் சொல்ல வேண்டும். இங்கே தலைகீழ். ஆட்கள் கேட்கிறார்கள், பிணம் பதில் சொல்கிறது. எண்ணத் தெரியாதவர்கள் ஐந்து கேள்வியை எப்படிச் செலவழிப்பார்கள்? விரல் மடக்கி எண்ணிக்கொண்டே பாருங்கள். எங்கள் வீட்டில் மாமா சத்தமாக எண்ணினார், மூன்றாவது பிணம் வருவதற்குள் எல்லாரும் அவரோடு சேர்ந்துகொண்டோம். விளையாடும் மேஜையில் இதே விபத்து நடந்து நான் பார்த்திருக்கிறேன். "நான் சும்மாதான் கேட்டேன், அதை எண்ணாதீங்க" என்று கெஞ்சுவார்கள். எண்ணத்தான் செய்வோம்.

மூன்றாவது, பாதாளத்தில் ஒரு பாலம். அதைக் கடக்கும் விதிகளை ஒருவர் மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருப்பார். டஞ்சன் மாஸ்டர் மூன்று ராத்திரி கண் விழித்துத் தயார் செய்த புதிர் அது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். பிறகு அவர் அவசர அவசரமாக எப்படி வேறு வழி திறந்துவிடுகிறார் என்றும்.

இந்த மூன்றும் பழகிவிட்டால் மற்ற இடங்களை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். படத்தின் பாதி வரை இவர்கள் போடும் திட்டம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கும். "ஏன்டா, இவுங்க போடுற திட்டம் ஒன்னாச்சும் பலிக்குதா?" என்று அப்பத்தா கேட்டார். கேட்ட உடனே அவரே, "பகட விழல" என்று பதிலும் சொல்லிக்கொண்டார். அங்கேதான் அவர் மேஜையைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒருவர் அடுத்த திட்டத்தோடு எழுந்து நிற்கிறார், மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கூடப் போகிறார்கள். வருடக் கணக்கில் சேர்ந்து விளையாடும் நண்பர்களின் பாசம் இப்படித்தான் இருக்கும்.

பிற்பகுதியில் ஒரு புதிர் மைதானத்தில் சில இளைஞர்கள் விநோத உடையில் ஓடுவார்கள். 1983-இல் தொடங்கிய பழைய கார்ட்டூன் தொடரின் பாத்திரங்கள் அவர்கள். தெரியாவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை.

வீட்டு ஏற்பாடு

படம் 2 மணி 14 நிமிடம். நமக்கு இடைவேளை வேண்டும், ஆங்கிலப் படத்தில் அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பாதாளத்திலிருந்து அவர்கள் வெளியே வரும் இடம் தோதானது, பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும். நாங்கள் அப்போது பருத்திப்பால் குடித்தோம். வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், பல நல்ல வரிகள் சண்டைச் சத்தத்தில் அமுங்கிப் போகின்றன. வயதானவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம். ஸெங்கின் பேச்சை மட்டும் சுருக்காமல் முழுசாகச் சொல்லுங்கள்.

ரத்தம் கொட்டும் காட்சிகள் குறைவு. பிணங்கள் எழும் காட்சியும், மூளையே நான்கு காலில் நடப்பது போன்ற ஒரு பிராணியும் சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தலாம். பத்து வயதுக்கு மேல் கவலை வேண்டாம் என்பது என் அனுபவம்.

முடிந்த பிறகு, அன்றைக்கே

சூடு ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் ஆடிவிடுங்கள். அடிப்படை விதிகளை அந்த விளையாட்டு நிறுவனமே இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகத் தருகிறது. ஆனால் முதல் ஆட்டத்துக்கு அது வேண்டியதில்லை. சொம்பும் சீட்டும் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு பெயர், ஒரு தொழில், நன்றாக வரும் ஒரு காரியம், சுத்தமாக வராத ஒரு காரியம் எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக வருவதற்கு மூன்று கூட்ட வேண்டும், வராததற்கு இரண்டு கழிக்க வேண்டும். பத்து, பதினைந்து, இருபது என்ற மூன்று படிகளும் போதும்.

டஞ்சன் மாஸ்டராக விதி அதிகம் தெரிந்தவரைத் தேட வேண்டாம். வீட்டில் யார் கதை சொன்னால் எல்லாரும் சோற்றுக் கையோடு உட்கார்ந்து கேட்கிறார்களோ அவரை உட்கார வையுங்கள். கதைக்கு நெவர்விண்டர் வரை போகவும் வேண்டாம். யானைமலை, பசுமலை, நாகமலை என்று மலையாகிப்போன மூன்று பிராணிகள் ஊரைச் சுற்றிப் படுத்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் அப்பத்தா சொம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மாமா தன் சீட்டில் பூசாரி என்று எழுதினார், தங்கை வளையல் வியாபாரி, தங்கை மகள் கள்ளி என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கத்தியும் வரைந்தாள். நான் பறை அடிப்பவன். மணி பத்தே கால். அப்பத்தா விளக்கை ஒன்று விட்டு ஒன்று அணைக்கச் சொன்னார்.

"அமாவாசை ராத்திரி. கரண்டு இல்ல. நாலு பேரும் மொட்டை மாடில படுத்திருக்கீங்க" என்று தொடங்கினார். "நாகமல லேசா அசையுது. சொல்லுங்க, என்ன செய்யப் போறீங்க?"